முக்கோட்டு வீரன், ஏழாம் பாகம்

ஒரு காட்டில் ஒரு கூத்து மேடை இருந்தது. காட்டில் கூத்தா என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. நீங்கள் மட்டும்தான் கைதட்டப் பிறந்தவர்களா? மானுக்கும் முயலுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

ஓடைக்கரையில் அகலமான ஒரு பாறை. அதுதான் மேடை. எதிரே சரிவான புல்தரை. பார்க்க வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, ஓடையில் தண்ணீர் வடிந்த பிறகு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் கூத்து நடக்கும். வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். இருட்டினால் சிலருக்குப் பசி வரும், சிலர் அந்தப் பசிக்கு ஆளாவார்கள். அதனால் இந்த ஏற்பாடு.

கூத்து வாத்தியார் ஒரு கரடி. அதற்கு எதுவும் பெரிசாக இருக்க வேண்டும். சின்னதாக ஒரு காரியம் செய்யச் சொன்னால் அதற்குக் கை வராது. ஆனால் கூத்தின் கதாநாயகன் என்னவோ ஒரு அணில். முதுகில் மூன்று கோடு இருக்கிறதல்லவா, அதனால் கதையில் அதற்கு முக்கோட்டு வீரன் என்று பெயர். வில்லன் வேஷம் காட்டுப்பன்றிக்கு. தலையில் எருமைக்கொம்பு கட்டிக்கொண்டு, ஊற்றை அடைத்துக்கொண்ட அசுரனாக வந்து உறுமும்.

கூத்து பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். நெல்லிக்காய், விளாம்பழம், இலந்தை, கிழங்கு, தேனடை என்று முடிந்ததைக் கொண்டுவந்து பாறை ஓரத்தில் குவிப்பார்கள். மற்ற மிருகங்கள் இரை சேர்க்கும் மாதங்களில் கூத்துக்காரர்கள் ஒத்திகையில் இருப்பார்கள். அதனால் கோடை முழுக்க அவர்களுக்கு அந்தக் குவியல்தான் சோறு. குவியல் இல்லாவிட்டால் பட்டினி. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் வருஷம் என்ன நடந்தது தெரியுமா?

அணில் பயந்த சுபாவம். அசுரன் முன்னால் நின்று வீரப்பாட்டு ஒன்று பாட வேண்டும். பாடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பன்றி நிஜமாகவே உறுமியதும் பாட்டு மொத்தமும் மறந்துபோய்விட்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வால் கிடுகிடுவென்று ஆடியது. கரடி திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டது.

அணில் புல்தரையைத் திரும்பிப் பார்த்து, அழாக்குறையாகக் கேட்டது.

"எனக்கு யாரு இருக்கா?"

அது கதையில் இல்லாத வசனம். அணில் பயத்தில் தானாகக் கேட்டது. ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாம் கப்சிப். அந்த அமைதியில் முன்வரிசையில் இருந்த ஒரு ஆமை கழுத்தை நீட்டி, மெதுவாக வாயைத் திறந்தது.

"நான் இருக்கேன்."

பக்கத்தில் இருந்த மான், "நானும் இருக்கேன்" என்றது. பின்னால் முயல்கள், மயில்கள், மந்திகள், மேலே நின்றிருந்த யானை என்று எல்லாரும் சேர்ந்து, "நாங்க இருக்கோம்" என்றார்கள். காடே அதிர்ந்தது. அணிலுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, ஒரே தாவாகத் தாவிப் பன்றியின் மூக்கைப் பிடித்தது. பன்றி நிஜமாகவே மிரண்டுபோய் மல்லாக்க விழுந்தது. ஊற்று திறந்தது. கூத்து முடிந்தது. வீட்டுக்குப் போகிறபோது குட்டிகள் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போயின. "எனக்கு யாரு இருக்கா?" "நாங்க இருக்கோம்."

அந்த வருஷம் குவியல் பாறையை மறைத்தது. கூத்துக்காரர்கள் கோடை முழுக்கச் சாப்பிட்டும் மீதி இருந்தது.

காட்டில் எல்லாருக்கும் தெரியும், கூத்து எதனால் ஓடியது என்று. கரடிக்கு மட்டும் தெரியவில்லை. அது என்ன நினைத்தது என்றால், பன்றிக்குக் கட்டிய கொம்பு பெரிதாக இருந்ததால்தான் கூத்து ஓடியது என்று. அடக் கடவுளே.

இரண்டாம் பாகத்தில் கொம்பு இன்னும் பெரிதானது. மூன்றாம் பாகத்தில் அசுரனுக்கு ஒரு அண்ணன் வந்தான். நான்காம் பாகத்தில் அந்த அண்ணனுக்கு ஒரு இரட்டைப் பிறவி வந்தான். அதையும் பன்றியேதான் ஆட வேண்டியிருந்ததால், இரண்டு அண்ணன்களும் ஒரே நேரத்தில் மேடைக்கு வரவே இல்லை. ஐந்தாம் பாகத்தில் முக்கோட்டு வீரன் செத்துப்போனான். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். ஆறாம் பாகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வந்தான்.

"போன வருஷம்தானே செத்தான்?" என்று ஒரு முயல்குட்டி தாயிடம் கேட்டது.

"பேசாம பாரு," என்றது தாய். "எனக்கும் புரியல."

ஒவ்வொரு பாகத்துக்கும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. குவியலும் மெலிந்தது. ஒரு கோடையில் பன்றி வேர்களைக் கிளறித் தின்றது. அணில் மரப்பட்டையைக் கடித்தது. ஆனாலும் விட்டுப்போகாமல் வந்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பாகத்திலும் வீரன் எப்போது திரும்பிப் பார்த்து, எனக்கு யாரு இருக்கா என்று கேட்பான், நாம் எப்போது பதில் சொல்வோம் என்று அந்த ஒரு இடத்துக்காகவே வந்தார்கள். அவர்களில் முதல் ஆள் அந்த ஆமை.

ஆமையின் குளம் ஓடை வழியே ரொம்ப தூரம் கீழே இருந்தது. மற்றவர்கள் கூத்தன்று காலையில் கிளம்பினால் போதும். ஆமை மார்கழிப் பனியிலேயே கிளம்பிவிடும். முதுகில் ஒரு தாமரைக்கிழங்கைக் கொடியால் கட்டிக்கொண்டு, ஓடைக்கரை ஓரமாக நடந்து நடந்து வந்து முன்வரிசையில் தன் இடத்தில் உட்காரும். அதுவரை ஒரு பாகம்கூட அது தவறவிட்டதில்லை.

கூட்டம் மெலிவதைப் பார்த்துக் கரடிக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் யாரிடம் போகக் கூடாதோ அங்கேதான் போனது. நரியிடம்.

நரிக்கு எல்லாரையும் குளிரவைக்கத் தெரியும். அது சொன்னது. "வாத்தியாரே, உங்க கூத்துல ஒரு குறையும் கிடையாது. ஜனங்கதான் முன்ன மாதிரி சத்தம் போடறதில்ல. சத்தம் கம்மியா இருந்தா கூத்தும் டல்லாத்தான் தெரியும்."

"அதுக்கு என்ன பண்றது?"

"சத்தத்தை நாமே ஏற்பாடு பண்ணிக்கலாம். கிளிகள் இருக்குல்ல? ஆளுக்கொரு கொய்யாப்பழம் குடுத்தா போதும். வீரன் கேட்டு முடிக்கறதுக்குள்ள அதுங்க சொல்லிடும். என்ன வேகம் பாருங்க."

கரடிக்கு அது பிடித்துப்போயிற்று. ஆறாம் பாகத்துக்கு மரமெல்லாம் கிளிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

கூத்து நடந்தது. அந்த இடம் வந்தது. அணில் புல்தரைப் பக்கம் திரும்பி, "எனக்கு யாரு..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்" என்று கிளிகள் கிளைக்குக் கிளை கத்தித் தீர்த்தன. கீழே இருந்தவர்கள் திறந்த வாயை மூடிக்கொண்டார்கள். ஆமை பாவம், கழுத்தை நீட்டி வாயைத் திறந்தபோது அடுத்த காட்சியே ஆரம்பமாகிவிட்டது. திறந்த வாயோடு அது அப்படியே இருந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கூத்து முடிந்ததும் ஆமை கரடியிடம் வந்தது.

"வாத்தியாரே, ஒரு விஷயம்."

"சொல்லு ஆமையாரே. கூத்து எப்படி? அமர்க்களமா இருந்துச்சா?"

"அவன் கேக்கற இடத்துல நான் சொல்லணும். எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உனக்காகக் கூத்தை நிறுத்தி வைக்கச் சொல்றியா? நீ வாயைத் திறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்ப்பா."

நரியும் சிரித்தது. கிளிகள் எதற்கென்றே தெரியாமல் சிரித்தன. அணில் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் வாத்தியாரை எதிர்த்துப் பேசவும் அதற்குத் துணிச்சல் வரவில்லை.

ஆமை, "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. அதன் மனசு நொந்துபோயிருந்தது.

ஆனாலும் அடுத்த மார்கழியில் மறுபடி கிளம்பியது. அது அப்படித்தான். பிடித்தது ஒன்றை அவ்வளவு சுலபத்தில் அதனால் விட முடியாது.

ஏழாம் பாகத்துக்குக் கரடி தன் புத்தியெல்லாம் செலவழித்தது. பாறைக்கு மேலே, ஓடை குறுகுகிற இடத்தில், மரக்கட்டைகளையும் கல்லையும் போட்டுத் தண்ணீரைத் தேக்கியது. அசுரன் விடும் வெள்ளம் பாட்டிலும் சொல்லிலும் வராதாம், நிஜமாகவே வருமாம். ஒரு கட்டையை உருவினால் போதும், தண்ணீர் பாறை மேல் பாயும். அணிலுக்கு ஒரு கிரீடம் செய்தது. பலகை மாதிரி தடித்த மரப்பட்டை, பிசின் வைத்து ஒட்டி, தாடைக்கு அடியில் கொடியால் முடிச்சுப் போட்டது. கிரீடத்துக்கு அடியில் அணில் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

"வாத்தியாரே, தண்ணி ரொம்ப வருமே," என்றது அணில்.

"வரட்டும். வந்தாத்தான் பிரம்மாண்டம்."

"தலை கனமா இருக்கு வாத்தியாரே."

"வீரன்னா தலை கனமாத்தான் இருக்கும்."

"இந்த வருஷமும் குவியல் கம்மியா வந்தா கோடைக்கு என்ன பண்றது?"

கரடி கிரீடத்தின் முடிச்சை இன்னும் இறுக்கியது. அதற்கும் உள்ளூர அந்தப் பயம்தான். அதனால்தான் எல்லாவற்றையும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனது. "காடே திரண்டு வரும் பாரு," என்று மட்டும் சொன்னது.

கூத்தன்று காலையில் கிளிகள் காடு முழுக்கப் பறந்து அறிவித்தன. ஓடையின் கடைசி வளைவில், மேடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆமை வந்துகொண்டிருந்தது. இனிமேல் கொஞ்ச தூரம்தான். அதன் தலைக்கு மேல் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது.

"ஏழாம் பாகம், ஏழாம் பாகம். நிஜ வெள்ளம், பெரிய கிரீடம். யாரும் வாய் திறக்க வேண்டாம். வந்து பார்த்தா போதும்."

ஆமை நின்றது. "யாரும் வாய் திறக்க வேண்டாமா?"

"வேண்டாம். அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"அவன் கேப்பானே. எனக்கு யாரு இருக்கான்னு."

"அவன் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம். இந்த வருஷம் அப்படித்தான் பேச்சு," என்றது கிளி. பறந்துபோயிற்று.

ஆமை அந்த இடத்திலேயே நின்றது. வெயில் ஏறும்வரை நின்றது. பிறகு என்ன செய்தது தெரியுமா? திரும்பிவிட்டது.

பிள்ளைகளே, ஆமை திரும்புவது என்றால் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பனியில் கிளம்பி அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருவர், மேடை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் திரும்புகிறார். வந்த தூரமெல்லாம் மறுபடியும் நடக்க வேண்டும். அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் யாரும் முதலில் நம்பவில்லை.

எதிரே மான் குடும்பத்தோடு வந்தது. ஆமை எதிர்த்திசையில் வருவதைப் பார்த்ததும் அதற்குத் திக்கென்றது.

"என்ன ஆமையண்ணே, கூத்து முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. இனிமேதான்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் திரும்பிட்டீங்க?"

ஆமை வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டது. மான் காத்திருந்தது.

"எனக்கு அங்க வேலை இல்லம்மா," என்றது ஆமை.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நடந்தது. யாரையும் போகாதே என்று அது தடுக்கவில்லை. ஆனால் மான் அங்கேயே நின்று யோசித்தது. எனக்கு மட்டும் அங்கே என்ன வேலை? போன வருஷமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டுதானே வந்தேன்? குட்டிகளைத் திருப்பிக்கொண்டு அதுவும் போயிற்று. பின்னால் வந்த முயல்கள் மானைக் கேட்டன. மயில்கள் முயல்களைக் கேட்டன. "ஆமையே திரும்பிடுச்சாம்" என்ற பேச்சு காற்றைவிட வேகமாகப் போயிற்று. வீட்டை விட்டுக் கிளம்பாதவர்கள் கிளம்பவே இல்லை.

வெயில் தாழ்ந்தது. பறை முழங்கியது. கரடி கொடித் திரையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் திறந்தது.

புல்தரையில் யாரும் இல்லை.

கரடிக்குத் தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. திரையை மூடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தது. புல்தான் இருந்தது. யானை நிற்கும் இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஆமை உட்காரும் இடம் அப்படியே இருந்தது, வருஷா வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து குழியான மண்ணோடு. பாறை ஓரத்தில் ஒரு இலந்தைப்பழம்கூட இல்லை.

"என்னய்யா இது?" என்றது கரடி. "நாள் மாத்திச் சொல்லிட்டோமா?"

பன்றி கொம்போடு ஓடி, மேட்டில் ஏறிப் பார்த்து, போகிறவர்களிடம் கேட்டுவிட்டு வந்தது.

"வாத்தியாரே, வழியெல்லாம் முதுகுதான் தெரியுது. எல்லாரும் திரும்பிப் போறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். கடைசியில ஆமை போயிட்டிருக்கு. அதுதான் முதல்ல திரும்பிச்சாம்."

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மான் வராவிட்டால் வருத்தப்பட்டிருக்கும். யானை வராவிட்டால் கோபப்பட்டிருக்கும். ஆமை திரும்பிப் போகும் என்று மட்டும் அது கனவிலும் நினைத்ததில்லை. ஆறு பாகமும் அதற்குத் தெரியாமலேயே ஆமை வரும் என்ற நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது இப்போதுதான் உறைத்தது.

நரி பக்கத்தில் வந்து குழைந்தது. "ஒரு ஆமை வராட்டி குடியா முழுகிப்போச்சு? இதுங்களுக்கெல்லாம் ரசனை கிடையாது வாத்தியாரே. நீங்க ஆரம்பிங்க. கிளிகள் போடற சத்தத்துல போனவங்கல்லாம் ஓடி வருவாங்க."

"யாருக்காக ஆடறது வாத்தியாரே?" என்றது அணில். "ஆளே இல்லியே."

கரடி காலியான புல்தரையைப் பார்த்தது. குவியல் இல்லாத பாறையைப் பார்த்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆடு," என்றது. "வெள்ளத்துச் சத்தம் கேட்டா வராமயா போவாங்க?"

கூத்து ஆரம்பித்தது. காலிப் புல்தரையைப் பார்த்துப் பன்றி உறுமியது. அணில் கனத்த தலையோடு தாவிப் பார்த்தது, விழுந்தது, எழுந்தது. கிளிகள் சொல்லிக்கொடுத்த இடங்களிலெல்லாம் சிரித்தன, சொல்லிக்கொடுத்த இடங்களிலெல்லாம் ஆஹா என்றன.

வெள்ளக் காட்சி வந்தது. கரடி மேலே போய்க் கட்டையை உருவியது.

ஒரு கட்டைதான் வர வேண்டும். ஆனால் ஒன்றோடு மொத்தமும் வந்தது. தண்ணீர் பாறை மேல் அடித்துப் புரண்டு வந்தது. பன்றி கொம்பைப் போட்டுவிட்டுக் கரையில் ஏறித் தப்பித்தது. அணிலால் ஏற முடியவில்லை. கிரீடம் தண்ணீரில் ஊறி இன்னும் கனத்தது. கொடி முடிச்சு தாடையை இறுக்கியது. தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போயிற்று.

"எனக்கு யாரு இருக்கா?" என்று அணில் கத்தியது. முதல் வருஷம் கேட்ட அதே குரல்.

"நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்," என்றன கிளிகள்.

"நிஜமாத்தான் கேக்கறேன். யாராவது வாங்களேன்."

"நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்."

ஒரு கிளிகூடக் கிளையை விட்டு இறங்கவில்லை. மேலே இருந்து பார்த்த கரடிக்கு மெய்சிலிர்த்தது. "என்னமா நடிக்கிறான் பாரு," என்றது. "இவ்வளவு நல்லா இவன் நடிச்சதே இல்ல."

"உங்க பயிற்சி வாத்தியாரே," என்றது நரி.

தண்ணீர் ஓடி முடிந்தது. கரடி கைதட்டிக்கொண்டே இறங்கி வந்தது. பாறை கழுவித் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"அணில் எங்கே?"

"அடுத்த காட்சிக்கு உள்ள போயிருக்கும்," என்றது நரி.

கரடி நரியைத் திரும்பிப் பார்த்தது. "அடுத்த காட்சியே இல்லையே," என்றது.

பிறகுதான் அதற்குப் பகீரென்றது. நடிப்பு இல்லை. அணில் நிஜமாகக் கேட்டிருக்கிறது. கரடி அண்ணாந்து கிளிகளைப் பார்த்தது. "நாங்க இருக்கோம்னு சொன்னீங்களே. அவன் போனதைப் பாத்தீங்களே. ஏன் ஒருத்தர்கூட ஒண்ணும் பண்ணல?"

"சொல்லச் சொன்னீங்க, சொன்னோம்," என்றது தலைமைக் கிளி. "கொய்யா எங்கே?"

கரடி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஓடையோடு கீழே ஓட ஆரம்பித்தது. நரி பின்னால் வரவில்லை. கரடி திரும்பிப் பார்த்தபோது அது புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

இங்கே கீழே, கடைசி வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆமை நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நடந்தும் அது அவ்வளவு தூரம்தான் போயிருந்தது. கிளிகளின் சத்தம் அதற்கும் கேட்டது. "கத்துங்க, கத்துங்க," என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தது.

அப்போது ஓடையில் தண்ணீர் திடுமென்று ஏறியது. இந்த மாதத்தில் வெள்ளமா என்று ஆமை அதிர்ந்துபோய்ப் பார்த்தது. மரக்கட்டைகள் வந்தன. எருமைக்கொம்பு ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் பெரிய பட்டைக் கிரீடம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. கிரீடத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல், கேட்டும் கேட்காமலும்.

"எனக்கு யாரு..."

பாதியில் தண்ணீர் வாயை மூடியது.

ஆமை கழுத்தை நீட்டியது. மெதுவாக வாயைத் திறந்தது. இந்தத் தடவை அதை முந்திக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.

"நான் இருக்கேன்."

சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கியது. ஆமை தரையில்தான் மெதுவாக நடக்கும், பிள்ளைகளே. தண்ணீரில் அதை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான்கு வீச்சில் கிரீடத்தைப் பிடித்துவிட்டது. தாடைக்கு அடியில் இருந்த கொடியைக் கடித்து அறுத்தது. கிரீடம் தன் பாட்டுக்கு மிதந்து போயிற்று. அணில் ஆமை ஓட்டின் மேல் தொற்றிக்கொண்டது. ஆமை அதைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது.

கரடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அணில் இருமிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. கரடி அதன் பக்கத்தில் விழுந்து, வாய்விட்டு அழுதது. அவ்வளவு பெரிய கரடி அழுது அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

"நடிக்கறேன்னு நெனச்சுட்டேன்டா," என்றது. "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் கைதட்டிக்கிட்டு நின்னேன்."

ஆமை தன் முதுகில் இருந்த தாமரைக்கிழங்கைக் கீழே தள்ளி, அணில் பக்கம் நகர்த்தியது.

"கூத்துக்குன்னு கொண்டு வந்தது," என்றது. "சாப்பிடு."

அணில் நனைந்த கைகளால் கிழங்கைப் பிடித்துக் கடித்தது. பிறகு பாதியைக் கரடியிடம் நீட்டியது. அந்த வருஷம் அவர்களுக்கு வந்தது அந்த ஒரு கிழங்குதான். கரடி வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டது. அதற்குள் தங்கள் கொய்யாவைத் தேடிக்கொண்டு கிளிகளும் பறந்து வந்து மேலே உட்கார்ந்தன.

"ஆமையாரே," என்றது கரடி. "ஒண்ணு கேக்கலாமா?"

ஆமை பார்த்தது.

"அடுத்த வருஷம் கூத்துக்கு வருவீங்களா?"

"வருவோம், வருவோம்," என்று கத்தின கிளிகள்.

கரடி எழுந்து மரத்தை ஒரே உலுக்காக உலுக்கியது. கிளிகள் சிதறிப் பறந்துபோயின. பிறகு கரடி ஆமைக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தது. ஆமை கழுத்தை மெல்ல நீட்டியது. அது வாயைத் திறக்கும்வரை கரடி ஒன்றும் பேசாமல் காத்திருந்தது.

நீதி: விரும்பி வந்தவர் பேச வேண்டிய இடத்தில் கூலிக்குக் கத்துகிறவரை வைத்தால், ஆபத்தில் சத்தம் வரும், துணை வராது.